திறந்து பார்க்காத எஞ்சின்

எங்கள் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலருக்கு இந்த முறை என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டார்கள். மண்ணில் ஓடுகிற டேர்ட் பைக் ஒன்றைப் பனியில் ஓடும் ஸ்னோ பைக்காக மாற்றுவதென்றால் எந்தப் பைக்கைத் தெரிவு செய்வது என்று எழுத வேண்டுமாம். கேட்டவர் செந்தில். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒஸ்லோவில் கணினி வேலை செய்கிறவர், மலர்க் குழுவில் இருக்கிறார். நகரின் காட்டோரமான எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்துகொண்டு கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். ஏதோ ஒரு அமெரிக்க மலை. முன்சில்லு இருந்த இடத்தில் சறுக்குப் பலகையும் பின்சில்லு இருந்த இடத்தில் ரப்பர் பட்டியும் பூட்டிய பைக்கில் ஒருவன் நெஞ்சளவு பனியைக் கிழித்துக்கொண்டு போகிறான்.

"செமையா இருக்குல்ல சார்? பத்து பாயிண்டா எழுதிக் குடுத்துடுங்க. பசங்க ஆர்வமா படிப்பாங்க."

"எந்தப் பெடியள்?"

"நம்ம பசங்கதான் சார். எங்க ஆபீஸ்ல ரெண்டு பேரு, உங்க பக்கத்து ஆளுங்க மூணு பேரு. ஆரஞ்சு கலர்ல ஒரு பைக் பாத்து வச்சிருக்காங்க."

"வாங்கி எங்கை ஓடப்போறினம்?"

"இதோ பின்னாடியே காடு இருக்கே சார்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "தம்பி, அந்தக் காட்டுக்குள்ள எஞ்சின் வைச்ச ஒண்டையும் கொண்டு போகேலாது. பொலிஸ் வரும். இந்த நாட்டிலை பனிக்கு மேல ஓடுறதெண்டால் அலுவல் இருக்கவேணும், அனுமதி இருக்கவேணும். நிறத்தைப் பாத்து வாங்கிப்போட்டு வீட்டுக் கராஜுக்குள்ள வைச்சுப் பூப்போடப் போறியளோ?"

"ஸ்வீடன் பக்கம் ஓட்டலாம்னாங்க சார். கோவப்படாதீங்க."

"நான் கோபப்படேல்லை. இதுதான் என்ட குரல்."

குசினிக்குள் இருந்து என் மனைவி சொன்னாள்: "அது பொய், செந்தில். அவர் கோபத்தோடை எழும்பிக் கோபத்தோடைதான் படுக்கிறவர். நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

செந்தில் போன பிறகு பத்துக் குறிப்புகளையும் எழுத உட்கார்ந்தேன். எட்டு வரை கை நிற்காமல் ஓடியது. அந்த எட்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன், வாங்கத் துடிக்கிறவர்கள் வாசித்துவிட்டுப் போகலாம்.

எங்கே, யார், என்ன வேலைக்காக ஓட்டப்போகிறார் என்று முதலில் கேளுங்கள். ஆழமான பனியில் ரப்பர் பட்டி எஞ்சினை விடாமல் பிடித்து இழுக்கும். சில்லில் ஓடும்போது கிடைக்கிற ஓய்வு அதற்குக் கிடைக்காது. ஆகவே 250 சிசி எஞ்சின் மூச்சு வாங்கிச் சாகும். 450 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் எடுங்கள். கார்புரேட்டர் குளிரில் உறையும், எரிபொருளைத் தானே அளந்து பீச்சுகிற வகை வேண்டும். உதைத்துக் கிளப்புகிற பைக்கை வாங்காதீர்கள். இடுப்பளவு பனியில் நின்று உதைக்கக் கால் ஊன்ற இடம் இருக்காது. பந்தயத்துக்கென்றே செய்த பைக்கில் மின்சாரம் குறைவாக உற்பத்தியாகும், கைப்பிடியைச் சூடாக்கவும் விளக்குப் போடவும் காணாது. சறுக்குப் பலகையும் பட்டியும் அடங்கிய மாற்றுத் தொகுதி அந்தப் பைக்கின் உடற்சட்டத்துக்குப் பொருந்துமா என்று வாங்க முன் பாருங்கள். குளிர்நீர் அளவுக்கு மிஞ்சிக் குளிராமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் பூட்ட இடம் உண்டா என்று பாருங்கள். எஞ்சின் மூச்சுவிடும் குழாயின் வாய் பனியில் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெயை வெளியே தள்ளிவிடும். அதை வெப்பமான இடத்துக்குத் திருப்பிவிட முடியுமா என்றும் பாருங்கள்.

ஒன்பதாவது குறிப்பு: பழைய பைக் என்றால் எஞ்சினைத் திறந்து பாருங்கள். அந்த வரியை எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன். மூன்று நாள் எடுக்கவில்லை. இந்த வரியை மற்றவர்களுக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பத்துக் குறிப்பு எழுத வேண்டிய இடத்தில் வேறொன்றை எழுதுகிறேன். மலர்க் குழு மன்னிக்கட்டும், மன்னிக்காவிட்டாலும் போடட்டும்.

என் தொழில் கதை நீளமானதல்ல. ஊரில் பொறியியல் பீடத்துக்கு இடம் கிடைத்தது. போக முடியவில்லை. எண்பதுகளில் இந்த நாட்டின் வட நுனிக்கு, பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தேன். ஒன்றரை வருடம் மீன் வெட்டினேன். பிறகு வெட்டும் இயந்திரம் நிற்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டார்கள். மீன் இயந்திரத்தில் தொடங்கிப் பனி ஸ்கூட்டருக்கு வந்தேன். ஒஸ்லோவுக்கு இறங்கி, தொழிற்சான்றிதழ் எடுத்து, ஸ்ட்ரோம்மனில் கடைத்தொகுதிக்கு அப்பால் இருந்த ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் சேர்ந்தேன். இருபத்தாறு வருடம் அங்கேதான் இருந்தேன்.

பட்டறைத் தலைவர் பெயர் ஹால்வர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது விளக்கம் சொல்லத் தொடங்கினால் உள்ளங்கையை மேலே பார்க்க நீட்டுவார். "காட்டு" என்பார். நீங்கள் எவ்வளவு நன்றாகக் கதைத்தாலும் அந்தக் கை அப்படியே நிற்கும். பொருள் வந்து அதில் விழும்வரை அவருக்குக் காது கேட்காது. புதிதாகச் சேர்ந்த காலத்தில் எனக்கு அது அவமானமாக இருந்தது. நான் படித்தவன், சொன்னால் நம்பக் கூடாதா என்று உள்ளே கறுவியிருக்கிறேன். பிறகு பழகிப்போயிற்று. அதற்குப் பிறகு பிடித்தும் போயிற்று.

மலைக் குடில்களைப் பராமரிப்பவர்கள், மீட்புக் குழுக்கள், மின்கம்பிகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஆகியோருக்காக நாங்கள் ஸ்னோ பைக் செய்து கொடுத்தோம். பழைய டேர்ட் பைக்கைத் தேடி வாங்குவது என் பொறுப்பு. ஹால்வர் எனக்குச் சொன்ன விதி ஒன்றே: "விற்கிறவனைப் பார்க்காதே. எஞ்சினைப் பார்."

பார்ப்பதற்கு முறை இருந்தது. எஞ்சின் எண்ணெயை வடித்து, கோப்பி வடிக்கும் வெள்ளைத் தாளில் ஊற்ற வேண்டும். தாள் காய்ந்த பின் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே உலோகம் உரசித் தேய்ந்திருந்தால் மினுக்கம் தெரியும். அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு மெல்லிய தண்டை பிஸ்டன் தலையில் நிறுத்தி, எஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் துளி துளியாக அசைக்க வேண்டும். கை அசைந்து, தண்டு ஒரு கணம் பிந்தி அசைந்தால், பிஸ்டனைத் தாங்கும் கோலின் அடிப்பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். கடைசியாக மேல்மூடியைத் திறந்து வால்வு இடைவெளியை அளக்க வேண்டும். மணல் தின்ற எஞ்சினில் அந்த இடைவெளி இறுகியிருக்கும். எல்லாமாக இரண்டு மணித்தியாலம். முடிந்ததும் ஏற்புப் படிவத்தில் "திறந்து பார்க்கப்பட்டது" என்ற வரியில் கையொப்பம் வைத்து, அந்தக் கோப்பித் தாளையும் படிவத்தோடு குத்திவைக்க வேண்டும். ஹால்வர் படிவத்தை வாசிக்கமாட்டார். தாளை மட்டும் ஜன்னலில் பிடித்துப் பார்ப்பார்.

ஒன்பது வருடங்களுக்கு முன் என் மகள் துஷிக்குக் கல்யாணம் பேசி முடித்தோம். மாப்பிள்ளை கபிலன் நல்ல பிள்ளை, ஆனால் டேர்ட் பைக் ஓடுகிறவன். கோடையில் மணல் மேடுகளில் பந்தயம் ஓடுவான். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "தாலி கட்டுறவர் கையைக் காலை முறிச்சுக்கொண்டு வந்தால் ஆர் பாக்கிறது? பைக்கை வித்துப்போட்டு வரச் சொல்லுங்கோ" என்று நின்றாள். சம்பந்தி தேவராசா அண்ணை உடனே ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டு, "வெளியிலை ஏன் விப்பான்? சிவம், நீதானே உந்தப் பைக்குகள் வாங்கிறனீ, நீயே எடு" என்றார். 450 சிசி. ஸ்னோ பைக்குக்கு நான் தேடிக்கொண்டிருந்த வகையேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பார்க்கப் போனோம்.

கராஜில் பைக் கழுவித் துடைத்து நின்றது. எஞ்சின் ஓடிய நேரத்தைக் கணக்கிடும் மீட்டர் முப்பத்தெட்டு மணித்தியாலம் காட்டியது. பந்தயம் ஓடிய பைக்குக்கு மிகக் குறைவு. நான் குனிந்து பார்க்கத் தொடங்கும் முன்பே சம்பந்தியம்மா மேலே கூப்பிட்டுவிட்டா. மேசையில் ஆட்டிறைச்சி ரோல்ஸ், கேக், தேத்தண்ணி. கபிலன் எனக்கு எதிரே இருந்தான்.

"மாமா, உந்த மீட்டர் ஒருக்கா மாத்தினது" என்றான்.

தேவராசா அண்ணை சிரித்தார். "பற்றரி முடிஞ்சுபோச்செண்டு மாத்தினது. இவனுக்கு எல்லாத்துக்கும் விளக்கம் வேணும்."

"இல்லை, மாமா ஒருக்காத் திறந்து பாக்கிறது நல்லம்."

"எடேய், உன்ட மாமனார் இருபது வருசமா எஞ்சினோடை சீவிக்கிறவர். அவருக்கு நீ படிப்பிக்கப் போறியே? சிவம், நீ எடுத்துக்கொண்டு போ. எங்கட வீட்டுச் சாமானைத் திறந்து பாத்துத்தான் எடுப்பியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நானும்தான்.

மீட்டரை மாற்றுவதற்கு முன் எத்தனை மணித்தியாலம் ஓடியது? அந்த ஒரு கேள்விதான் கேட்க வேண்டியிருந்தது. வாய்வரை வந்தது. தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைத்தாயிற்று, மண்டபம் பிடித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டு மேசையில் இருந்து, அவர்கள் பொருளைச் சந்தேகிக்கிறவனாக நான் எப்படி எழும்புவது? "சீச்சீ, என்ன கதை அண்ணை இது" என்று சொல்லி இன்னொரு ரோல்ஸ் எடுத்தேன். விற்கிறவரைப் பார்த்துவிட்டேன். எஞ்சினைப் பார்க்கவில்லை.

வீட்டில் கேட்காவிட்டாலும் பட்டறையில் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்திருக்கலாம். திங்கட்கிழமை காலை நானும் அந்தப் பைக்கும் தனியேதான் நின்றோம். பார்த்துப் பிழை கண்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருப்பிக் கொடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். பார்க்காவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பழைய எண்ணெயைக் கோப்பித் தாளில் ஊற்றாமல் நேரே கழிவுப் பீப்பாவுக்குள் ஊற்றினேன். ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எண்ணெயில் மினுக்கம் இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகவே திருப்பினேன்.

படிவத்துக்குத் தாள் வேண்டும். அதற்கு முந்திய வாரம் திறந்து பார்த்த வேறொரு பைக்கின் எண்ணெயை இரண்டு தாளில் வடித்திருந்தேன். ஒன்று மிச்சமாக ஜன்னலடியில் கிடந்தது. சுத்தமான தாள். அதை எடுத்துக் குத்தினேன். "திறந்து பார்க்கப்பட்டது" என்ற வரியில் கையொப்பம் வைத்தேன். ஹால்வர் வந்து தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்ல எஞ்சின்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பைக்கை வாங்கியது வடக்கே மலைப்பகுதியில் உள்ள ஒரு குடில் உரிமையாளர் சங்கம். ஓட்டப்போகிறவர் அவர்களிடம் வேலை செய்த இங்குன். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண். தெரு போகாத குடில்களுக்குப் பனிக்காலத்தில் சாமான் கொண்டுபோக அனுமதி பெற்றவர். பைக்கை எடுக்க வந்த அன்று, எப்படிச் சூடாக்குவது என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ரேடியேட்டரை மூடிவை, பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடவிடு, சிலிண்டர் பக்கத்தில் கையுறை இல்லாமல் கை வை, கை தானே விலகினால்தான் புறப்படு. இங்குன் ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார். "வேறு ஏதாவது?" என்று கேட்டார். "எஞ்சின் நல்லது, யோசிக்காதே" என்றேன்.

இரண்டாம் மாதம், உறைந்த ஒரு ஏரியைக் கடக்கும்போது அடிப்பேரிங் உடைந்து எஞ்சின் இறுகி நின்றது. பூச்சியத்துக்குக் கீழே இருபத்துநாலு பாகை குளிர். கைபேசிக்குத் தொடர்பு இல்லை. ஒரு குடிலுக்குத் தண்ணீர்ப் பம்பு கொண்டுபோய்க்கொண்டிருந்தவர், பம்பையும் பைக்கையும் விட்டுவிட்டு ஆறு மணித்தியாலம் பனியில் நடந்தார். ஏரிக்கரையில் மேற்பனி உடைந்து ஒரு கால் தண்ணீருக்குள் போயிருக்கிறது. இடது காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

பைக் எங்கள் பட்டறைக்கு வந்தது. நான்தான் பிரித்தேன். அன்றைக்கு முதல் தடவையாக அந்த எஞ்சினைத் திறந்தேன். அடிப்பேரிங்கின் உருளைகள் நொறுங்கிக் கிடந்தன. அது எதிர்பார்த்தது. பிஸ்டனை வெளியே எடுத்தபோதுதான் எனக்குக் கை நின்றது. அதன் பக்கங்களில் நெடுக்காகக் கீறல்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல. மணல் உறிஞ்சிய எஞ்சின். நாங்கள் விற்றதிலிருந்து அந்தப் பைக் ஓடியதெல்லாம் பனியில். பனியில் மணல் இல்லை. எஞ்சின் எங்களிடம் வந்த அன்றே பாதி செத்திருந்தது என்பதற்கு அந்த பிஸ்டன் ஒன்றே போதும்.

அன்று பின்னேரம் ஹால்வர் வந்து கையை நீட்டினார். "காட்டு."

நொறுங்கிய பேரிங்கைக் காட்டினேன். வெப்பத்தில் நீலம் பாய்ந்த கோலைக் காட்டினேன். பிஸ்டனைக் காட்டவில்லை. அது ஏற்கெனவே பழைய இரும்புப் பெட்டியின் அடியில் கிடந்தது.

"பிஸ்டன்?"

"உடைந்துபோயிற்று. பார்க்க ஒன்றும் இல்லை."

இருபது வருடத்தில் முதல் தடவையாக அவர் கையை மடக்கிக்கொண்டார். காட்டாமலே நம்பினார். படிவத்தை எடுத்து, அந்தக் கோப்பித் தாளை மறுபடியும் ஜன்னலில் பிடித்தார். "தாள் சுத்தம். அப்படியானால் இது அவள் கையில் நடந்தது" என்றார். எனக்கு அவர்மேல்கூடக் கோபம் உண்டு. அத்தனை வருடம் எவரையும் நம்பாதவர், அந்த ஒரு நாள் பார்த்து என்னை நம்பினார். இது நியாயமில்லாத கோபம் என்று தெரியும். இருந்தாலும் உண்டு.

அறிக்கையை நான் எழுதினேன். "எஞ்சின் போதியளவு சூடாகும் முன் முழு வேகத்தில் ஓட்டப்பட்டதால் ஏற்பட்ட சேதம்." நோர்வேஜிய மொழியில், ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல். படித்த படிப்பு அதற்கு உதவியது.

ஆறு கிழமை கழித்து இங்குன் ஊன்றுகோலோடு பட்டறைக்கு வந்தார். கையில் அந்தச் சின்னக் கொப்பி. பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார்.

"பதினைந்து நிமிடம் சூடாக்கினேன். கை வைத்துப் பார்த்தேன். நீ சொன்னபடிதான் செய்தேன். நான் எதைப் பிழையாகச் செய்தேன் என்று மட்டும் சொல்லு."

சண்டை பிடிக்க வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் உண்மையாகவே கேட்டார். தன் பிழை என்னவென்று தெரிந்துகொள்ள மூன்று மணித்தியாலம் பேருந்தில் வந்திருந்தார். நான் எண்ணெயின் தடிப்பும் வெப்பநிலையும் காட்டும் ஒரு அட்டவணையை எடுத்து விரித்து, அந்தக் குளிருக்குப் பதினைந்து நிமிடம் போதாமல் போயிருக்கலாம் என்று விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். கொப்பியில் பதினைந்தை வெட்டி இருபத்தைந்து என்று எழுதினார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அறிக்கை சங்கத்துக்கும் போனது. ஓட்டும் வேலையை அவரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் ஆட்கள் குறைவு, ஒருவரை ஒருவர் தெரியும். "எஞ்சின் எரித்த இங்குன்" என்று அவருக்குப் பெயராகிவிட்டதாக, அங்கிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர் சிரித்துக்கொண்டு எனக்கே சொன்னார். நான் அவருடைய பைக்கின் வால்வு இடைவெளியை அளந்துகொண்டிருந்தேன். தொடர்ந்து அளந்தேன்.

மகளின் கல்யாணம் நன்றாக நடந்தது. நான் ஓய்வுபெற்ற அன்று, எனக்கு முன்பே ஓய்வுபெற்றிருந்த ஹால்வரும் வந்து பேசினார். "இந்த மனிதனின் தாள்களில் ஒன்றைக்கூட நான் சந்தேகித்ததில்லை" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கேக் சாப்பிட்டேன். அந்தக் கேக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

இவ்வளவும் செந்திலுக்கு எழுதிய ஒன்பதாவது குறிப்பில் வந்து முட்டியது. நாலாம் நாள், பழைய பட்டறைக்கு ஒரு கடிதம் எழுதினேன்: தாள் பொய், கையொப்பம் பொய், அறிக்கை பொய், பிஸ்டனில் இருந்தது மணல். அவர்கள் அதைச் சங்கத்துக்கும் அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. ஹால்வருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அந்தத் தாள் எந்த எஞ்சினுடையது?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அது நல்ல எஞ்சின்" என்றார். பிறகு வைத்துவிட்டார். அதற்குப் பின் நான் எடுத்தால் அவர் எடுப்பதில்லை.

இங்குனைப் பார்க்க நேரே போனேன். இப்போது பள்ளத்தாக்கின் பெற்றோல் நிலையக் கடையில் வேலை செய்கிறார். மதிய இடைவேளையில், கடைக்குப் பின்னால், நின்றபடியே என் கடிதத்தின் பிரதியை வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார்.

"ஏன்?"

மகளின் கல்யாணம், சம்பந்தி வீடு, தேத்தண்ணி மேசை எல்லாம் சொன்னேன். நோர்வேஜிய மொழியில் சம்பந்திக்குச் சொல் இல்லை, சுற்றி வளைத்து விளக்க வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பம் என்று எனக்கே கேட்டது.

"கால் இப்போது எப்படி?" என்றேன்.

"அது என் கால். அதைப் பற்றி நீ கேட்க வேண்டாம்."

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "அந்த மேசையில் இருந்தவர்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியென்றால் நீ சுலபமான பக்கத்தைச் செய்துவிட்டு வந்திருக்கிறாய். இங்கே உன்னை யாருக்கும் தெரியாது. நீ யாருக்குப் பயந்தாயோ, போய் அவர்களிடம் சொல்லு."

இடைவேளை முடிந்து உள்ளே போய்விட்டார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போய்த் தொலை என்றும் சொல்லவில்லை.

அதனால்தான் இதைத் தமிழில், இந்த மலரில், என் பெயரோடு எழுதுகிறேன். இந்த மலர் தேவராசா அண்ணை வீட்டுக்கும் போகும். அச்சுக்குக் கொடுக்க முன் துஷிக்கும் கபிலனுக்கும் வாசித்துக் காட்டினேன். கபிலன் தலையைக் குனிந்துகொண்டு, "மாமா, அண்டைக்கு நான் சொன்னனான்தானே" என்றான்.

"ஓம், சொன்னனீங்கள்."

"அதுக்கு மேல நானும் வாயைத் திறக்கேல்லை" என்றான்.

துஷி என் முகத்தைப் பார்க்கவில்லை. "இது வந்தால் அங்கை மாமா எங்களோடை கதைக்கமாட்டார், தெரியுமோ அப்பா? எங்கட பிள்ளையளையும் அங்கை கூப்பிடமாட்டினம்."

"தெரியும். நீ வேண்டாமெண்டால் நிப்பாட்டுறன்."

"என்னை ஏன் இப்ப கேக்கிறியள்? அப்ப கேட்டனீங்களே? என்ட கல்யாணத்துக்காகச் செய்ததெண்டு அந்த மனுசிக்குப் போய்ச் சொல்லியிருக்கிறியள். ஆர் என்னைக் கேட்டது? கேட்டிருந்தால், திறந்து பாருங்கோ, கல்யாணம் நிண்டால் நிக்கட்டும் எண்டு சொல்லியிருப்பன்." அவளுக்கு என் கோபம் அப்படியே வந்திருக்கிறது. "போடுங்கோ. எனக்காகச் செய்தனான் எண்டு மட்டும் எழுதாதேங்கோ."

ஆகவே திருத்தி எழுதுகிறேன். என் மகளுக்காக நான் எதையும் செய்யவில்லை. ஒரு தேத்தண்ணி மேசையில் நாலு பேர் சிரிக்கும்போது நான் மட்டும் சிரிக்காமல் இருக்கப் பயந்தேன், அவ்வளவுதான். தேவராசா அண்ணை விற்கிறவர், அவர் சொல்வதைச் சொன்னார். வாங்குகிறவன் நான். பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கியவனும் நான். இங்குன் பதினைந்து நிமிடம் சூடாக்கினார். அது போதும். அவர் எந்த எஞ்சினையும் எரிக்கவில்லை.